ஜவ்வரிசிக்கு எத்தனை காப்புரிமை?

சங்க அலுவலகத்தில் கணக்கு ஏடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மரவள்ளி பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் தம் மகனுடன் வந்து அமர்ந்தார். மகன் பொறியியல் கல்லூரி மாணவர். கல்லூரியில் படிக்கவிருந்த கட்டுரைக்காக அவர் ஓர் அட்டவணையைத் திரட்டி வைத்திருந்தார். எந்த வட்டாரத்திலிருந்து எத்தனை காப்புரிமை மனுக்கள் சென்றன என்பது அதன் பொருள். பெருநகரங்களின் நிரல்கள் நீண்டும், நம் சேலம் நாமக்கல் பகுதியின் நிரல் குறுகியும் காணப்பட்டன. "நம் பக்கத்தில் யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்" என்றார் அந்த இளைஞர். தந்தையார் சற்று நேரம் அட்டவணையைப் பார்த்திருந்துவிட்டு நம்மை நோக்கி, "ஏனுங்க, நம்ம ஜவ்வரிசிக்கு எத்தனை வாங்கி வெச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

கேள்வி எளிது. ஆனால் ஒரு வட்டாரத்தின் அறிவுத் திறனை எதைக் கொண்டு அளப்பது என்ற பெரிய விவகாரம் அதனுள் அடங்கியிருக்கிறது. நம் அங்கத்தினர்களின் நன்மை தீமையும் இதனோடு பிணைந்திருப்பதால், இதழின் சில பக்கங்களை இதற்கு ஒதுக்கத் துணிந்தோம்.

முதலில், காப்புரிமை என்பது யாது? புதியதொரு பொருளையோ செய்முறையையோ கண்டறிந்தவர், அதனைச் செய்யும் விதத்தை ஒளிக்காமல் எழுதிச் சர்க்காரிடம் ஒப்படைக்கிறார். அதற்கு ஈடாக, மனுச் செய்த நாள் முதல் 20 ஆண்டுகள் வரை அவருடைய அனுமதியின்றிப் பிறர் அதனைச் செய்வதையும் விற்பதையும் சட்டம் தடுத்துக் கொடுக்கிறது. தவணை கழிந்தபின் அது ஊர்ச் சொத்தாகிவிடும். இதற்கான முதற் சட்டம் நம் நாட்டில் 1856-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. பின்னர் 1911-இல் ஒரு சட்டம் வந்தது. 1970-இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் 20 முதல் அமலுக்கு வந்த சட்டமே பல திருத்தங்களுடன் இன்று நடைமுறையில் உள்ளது.

கணக்கெடுப்போருக்கு இது மிகவும் வசதியான சரக்கு. ஒவ்வொரு மனுவிலும் தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது. எண்ணிக் கூட்டினால் ஊருக்கு இவ்வளவு, மாநிலத்துக்கு இவ்வளவு என்று தொகை கிடைத்துவிடும். நிதி ஆயோக் 2019 முதல் வெளியிட்ட இந்தியப் புத்தாக்கக் குறியீட்டிலும், மாநிலங்களை வரிசைப்படுத்தும் அளவுகோல்களுள் காப்புரிமை ஒன்றாக இடம் பெற்றது. இத்தகைய வரிசைகளைக் கண்டே ஆராய்ச்சி நிலையமும் உதவித் தொகையும் எங்கே செல்ல வேண்டுமென்று தீர்மானிக்கத் தொடங்கினால், வரிசையின் கடைசியில் நிற்கும் வட்டாரத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

கிழங்கின் விலையைப் பாயிண்டு பார்த்துத் தீர்ப்பதை நம் விவசாயிகள் நன்கறிவார்கள். பாயிண்டு மாவுச்சத்தைச் சொல்லும். அவித்துத் தின்பவருக்கு வேண்டிய ருசியைச் சொல்லாது. அதனாற் பாயிண்டு பொய்யென்று யாரும் கூறுவதில்லை. ஆனால் பாயிண்டு ஒன்றையே பார்த்துவிட்டு, "இது நல்ல கிழங்கு, அது கெட்ட கிழங்கு" என்று தீர்ப்புச் சொன்னால் வீட்டுப் பெண்கள் நகைப்பார்கள்.

இனி ஜவ்வரிசிக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போரில், 1942-இல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. அந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சு மாவும் நின்றுபோயின. அக்காலத்தில் சேலத்தில் மீன் வியாபாரம் செய்துவந்த மாணிக்கம் செட்டியார் தொழில் நிமித்தமாக அடிக்கடி மலையாள நாட்டுக்குச் சென்று வருபவர். மரவள்ளி மலிந்த அந்நாட்டில், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரின் நட்பு அவருக்குக் கிட்டியது. ஷாவுக்கு மரவள்ளி மாவு எடுக்கும் முறை தெரியும். 1943-இல் சேலத்தில் தொழில் ஆரம்பமாயிற்று. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, சல்லடையிற் பால் பிழிந்து, தொட்டியில் மாவைப் படிய வைத்து, ஈர மாவைத் துணியில் இட்டுக் குலுக்கி மணியாகத் திரட்டி, சூடேறிய சட்டியில் வறுத்து, களத்தில் வெயிலில் உலர்த்தும் வேலை அது. எல்லாம் கைவேலையே. நாளொன்றுக்கு 100 கிலோ மூட்டை இரண்டு தேறினாற் பெரிது.

இந்நிலையில் வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் இதிற் கைவைத்தார். அரைக்கும் யந்திரத்தையும் பிற சாதனங்களையும் அவர் மாற்றியமைத்ததன் பயனாக, இரண்டு மூட்டையாக இருந்த உற்பத்தி 25 மூட்டையாக உயர்ந்தது என்று தொழிலின் வரலாறு கூறுகிறது. ஒரு கண்டுபிடிப்பினால் உற்பத்தி பன்னிரண்டு மடங்குக்கு மேல் பெருகுவது எந்தத் தேசத்திலும் பெருமைக்குரிய செய்தியே. 1944-இல் உணவுத் தட்டுப்பாட்டை முன்னிட்டு எழுந்த தடையையும் தாண்டித் தொழில் வளர்ந்தது. ஓர் ஆலையிற் கண்டதை அடுத்த ஆலைக்காரர் பார்த்தார். தம் ஊர்ப் பட்டறையில் அதுபோல் ஒன்று செய்யச் சொன்னார். செய்யும்போது பட்டறைக்காரர் ஏதோ ஒன்றைத் திருத்தினார். இப்படியே ஆத்தூர் முதல் இராசிபுரம், நாமக்கல் வரை சேகோ ஆலைகள் பரவின. 1981-இல் ஆலைக்காரர்கள் கூட்டுறவு முறையில் ஒன்றுசேர்ந்து சேகோசர்வ் என்னும் சங்கத்தை நிறுவினார்கள். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விரத நாளில் உண்ணும் சாபுதானாவுக்கும், வங்காளத்தார் வாங்கும் ஜவ்வரிசிக்கும் இன்று நம் பகுதியே பெருங் களஞ்சியம்.

இக்கதையைத் தொழில் அறிந்த பெரியவர்கள் சொல்லும்போது மேற்படி மூன்று பெயர்களைச் சொல்லுவார்கள். காப்புரிமை எண் எதையும் சொல்வதில்லை.

இது சேலத்துக்கு மட்டுமே உரிய விசித்திரம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் கிளீவ்லாந்து என்ற இரும்பு வட்டாரம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே உலைகளின் உயரம் ஐம்பது அடியிலிருந்து எண்பது அடி வரை படிப்படியாக உயர்ந்தது. உயரம் கூடக்கூட எரிபொருட் செலவு குறைந்தது. எந்த ஒரு முதலாளியும் இதைத் தனியுரிமையாக்கிக் கொள்ளவில்லை. ஒருவர் உலையை உயர்த்திப் பார்த்துப் பலனைப் பேச்சிலும் பத்திரிகையிலும் சொல்வார். அடுத்தவர் இன்னும் சில அடி உயர்த்துவார். 1983-இல் ராபர்ட் ஆலன் என்ற பொருளாதார அறிஞர் இதனை ஆராய்ந்து, 'கூட்டுக் கண்டுபிடிப்பு' என்று பெயர் சூட்டினார். கூட்டுறவாளர்களாகிய நமக்கு இப்பெயரே இனிக்கிறது. திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும், நாமக்கல்லில் லாரிக்கும் டாங்கருக்கும் பாடி கட்டும் வேலையும் பெருகிய விதமும் இதுவே. வடநாட்டுப் பாறையில் ரிக் ஓட்டியவர் ஊருக்குத் திரும்பி வந்து, இன்ன இடத்தில் உடைகிறது என்று பட்டறையிற் சொல்கிறார். அடுத்த வண்டியில் அந்த இடம் கனமாகிறது. இதற்கு மனு எழுதுவோர் யார்?

மனு எழுதினாலும் சட்டம் ஏற்குமா என்பது அடுத்த கேள்வி. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாவது பிரிவை அங்கத்தினர்கள் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. எவையெவை கண்டுபிடிப்பு ஆகமாட்டா என்று அது நிரலிடுகிறது. வேளாண்மை செய்யும் முறையும் தோட்டக்கலை முறையும் ஆகமாட்டா. செடி, விதை, பயிர் ரகம் ஆகியவையும் ஆகமாட்டா. பரம்பரை அறிவும் ஆகாது. முன்பே தெரிந்த சாதனங்களைத் தனித்தனியே இயங்குமாறு வெறுமே இடம் மாற்றி அடுக்குவதும் ஆகாது. இவ்விலக்குகளிற் பெரும்பாலானவை நியாயமானவை என்பதே நம் அபிப்பிராயம். ஏரோட்டும் முறைக்கு ஒருவர் உரிமை வாங்கிவிட்டால் மற்றவர் கதி என்னாவது? எனினும் இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். விவசாயியின் மிகச் சிறந்த யோசனை சட்டப்படியே அந்தக் கணக்கில் ஏற இயலாதது. அதே கணக்கைக் கொண்டு விவசாய வட்டாரத்தை அளந்துவிட்டு, 'இங்கே யோசனை இல்லை' என்பது, தராசில் ஏற்றாத சரக்குக்கு எடையில்லை என்று சொல்வதாகும். நெசவாளருக்கும் இப்படியே. சேலையின் புதிய கரையும் முந்தானைக் கோலமும் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவாகலாம். காப்புரிமைத் தொகையில் அவை சேரா.

மரவள்ளிக்கு நேர்ந்த ஓர் ஆபத்தை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். 2008-இல் கோயமுத்தூர்ப் பக்கத்தில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, சில பருவங்களில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றின் மேலும் வெள்ளை பூத்தாற்போற் படர்ந்தது. மருந்து அடித்துச் சலித்தோர் பலர். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை மாய்க்கும், கண்ணுக்கும் எளிதில் புலப்படாத ஒரு குளவியினத்தை அமெரிக்க வேளாண் துறையின் உதவியால் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, 2010-இல் பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தாரும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் வயல்களில் விட்டார்கள். பூச்சி அடங்கிற்று. பின்னர் 2020-இல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் வேறோர் இனம் தோன்றி நம் பகுதிக்கும் வந்தது. அதற்கு எதிரான குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்து, 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. இதே குளவியை 1981-இல் தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்று அக்கண்டத்தின் மரவள்ளியைக் காத்த ஹான்ஸ் ஹெர்ரன் என்னும் அறிஞருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இங்கே குளவியை எந்த விவசாயியும் விலை கொடுத்து வாங்கவில்லை. காப்புரிமைப் பதிவேட்டைப் புரட்டி நம் மாவட்டங்களின் முன்னேற்றத்தை எழுதுவோர் இந்த இரண்டு ஆண்டுகளையும் கடந்து போய்விடுவர்.

நெசவாளத் தோழர்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 1733-இல் ஜான் கே என்னும் ஆங்கிலேயர் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். நாடாவைக் கையால் எறிந்து மறு கையால் பிடிப்பது போய், கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும். வேலை பெருகிற்று. ஆனால் அங்கத்து நெசவு முதலாளிகள் உரிமைத் தொகை கொடுக்க மனமின்றித் தமக்குள் ஒரு கழகமே கூட்டி, வழக்குச் செலவைப் பங்கிட்டுக்கொண்டனர். கே வழக்காடிக் களைத்து 1747-இல் பிரான்சுக்குச் சென்றுவிட்டார். நாடா மட்டும் நாடெங்கும் பரவியது.

அந்த நாடாவைப் பரப்புவதற்காக 1906-இல் நம் சேலத்திலேயே சென்னைச் சர்க்கார் ஒரு நெசவாலையை நிறுவியது. ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அதன் சூத்திரதாரி. நெசவாளரை ஒரே கூரையின் கீழ்க் கூட்டி, பறக்கும் நாடாத் தறியில் நெய்யச் செய்து, கைத்தறிக்குப் பிழைப்பு உண்டா என்று சோதிப்பது நோக்கம். பெண்டு பிள்ளைகள் தார் சுற்றவும் பாவு தோயவும் வீட்டிலேயே நெய்து பழகிய நம்மவர்களுக்கு, மணியடித்தால் உள்ளே போய் மணியடித்தால் வெளியே வரும் ஒழுங்கு ஒத்துவரவில்லை. சர்க்கார் வியாபாரத்தில் இறங்கலாகாது என்று ஐரோப்பிய வர்த்தகர்களும் முறையிட்டனர். இந்தியா மந்திரி மார்லியின் கட்டளைப்படி 1910-இல் அம்முயற்சி முடிவுற்றது. ஆலை போயிற்று, ஆனால் நாடா போகவில்லை. பின்னாளில் தொழில் இலாகாவினர் ஊர் ஊராகச் சென்று செய்து காட்டினார்கள். பார்த்தவர்கள் தம் வீட்டுத் தறியிலேயே அதனைப் பொருத்திக்கொண்டார்கள். 1940 அளவில் சென்னை ராஜதானியின் தறிகளிற் பெரும்பாலானவை பறக்கும் நாடாத் தறிகளாக மாறிவிட்டன. கருவி இங்கிலாந்தில் பிறந்தது. ஆயினும் பட்டுக்கும் பருத்திக்கும், குழித்தறிக்கும் ஏற்றவாறு அதனைப் பொருத்திய வேலை வீடுதோறும் நடந்த வேலை. 1960-இல் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் அமைந்தபோது அது வெறும் நிலத்தில் எழவில்லை.

அங்கத்தினர்களிற் சிலர், "அப்படியானால் கண்டுபிடித்தவன் கையை விரித்துக்கொண்டு போக வேண்டியதுதானா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெங்கடாசலக் கவுண்டரின் கைத்திறனால் பின்வந்த நூற்றுக்கணக்கான ஆலைகள் லாபம் கண்டன. அந்த லாபத்திலிருந்து கண்டுபிடித்தவருக்கு ஒரு பங்கு போய்ச் சேரும் ஏற்பாடு நம் வட்டாரத்தில் இருந்ததில்லை. தாராளமாகப் பார்த்துச் செய்துகொள்ளும் வழக்கத்தைப் புகழ்ந்து பேசும் நாம் இதனைக் கூசாமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு வேறு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். ஜக்கார்டு பெட்டி இல்லாத பட்டுத்தறியை இன்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. பிரான்சின் லியான் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் அதனை அமைத்தார். 1805-இல் அத்தறி பொதுச் சொத்தென்று அறிவிக்கப்பட்டது. ஜக்கார்டுக்கு ஆண்டுதோறும் உதவித் தொகையும், நிறுவப்படும் தறிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் ஏற்பாடாயிற்று. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானதும், 1812-க்குள் பிரான்சில் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின. காப்புரிமையை மட்டும் எண்ணுகிறவருக்கு இது ஒரு பூஜ்யம்.

நம் நாட்டிலும் இத்தகைய யோசனை எழுந்ததுண்டு. 1929-இல் காந்தியடிகளின் தலைமையில் இயங்கிய அகில பாரத சர்க்கா சங்கம், சிறந்ததொரு ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. எட்டு மணி நேரத்தில் குறித்த அளவு நூல் நூற்க வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. 20 ஆண்டுகள் உழைக்க வேண்டும். குடிசையில் ஒரு பெண் களைப்பின்றி இயக்கத்தக்கதாக இருக்க வேண்டும். கண்டுபிடிப்பாளர் தம் பாதுகாப்புக்காகக் காப்புரிமை பெற்றுக்கொள்ளலாம். பரிசு வேண்டுமாயின் அவ்வுரிமையைச் சங்கத்துக்கு மாற்றித் தர வேண்டும். நாம் இந்நிபந்தனையை மிகவும் மெச்சுகிறோம். உழைத்தவருக்குப் பணம், ஊருக்குப் பொருள். 1925-இல் ராஜாஜி நிறுவிய புதுப்பாளையம் ஆசிரமத்தில் நூற்றுவந்த நம் திருச்செங்கோட்டு வட்டாரத்தார் இவ்வறிவிப்பை எவ்வளவு ஆவலுடன் கேட்டிருப்பர்! பரிசை எவரும் வெல்லவில்லை. சுமார் 20 ஆண்டுகளுக்குப் பின், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் அமைத்த ராட்டை 'அம்பர் சர்க்கா' என்று அவர் பெயரின் பகுதியைத் தாங்கி, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நாடெங்கும் சென்றது.

காப்புரிமை எண்ணிக்கையால் ஒரு பயனுமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நீதிபதி இராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கை இதற்குச் சாட்சி. இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வரை அயல்நாட்டார் கையில் இருந்தன. அவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவை இந்நாட்டில் தொழிலாக நடத்தப்படவே இல்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுவே அடிப்படை. அவர் எண்ணியதோடு நில்லாமல், உரிமை யாருடையது, எங்கே பயன்படுகிறது என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டார். 

இன்றைய அட்டவணைகளில் இவ்விரு கேள்விகளையும் காண்பது அரிது. கண்டுபிடித்த பட்டறை நம்மூரில் இருந்தாலும், மனுச் செய்யும் கம்பெனியின் தலைமை அலுவலகம் பெருநகரத்தில் இருந்தால் கணக்கு அங்கே போய்ச் சேருகிறது. இதற்கு எதிரிடையான விஷயமும் உண்டு. 2021-இல் கல்வி நிலையங்களுக்கான காப்புரிமைக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும்போது, வழங்கப்பட்ட உரிமைகளோடு வெளியிடப்பட்ட மனுக்களும் எண்ணப்படுகின்றன. மனுக்கள் பெருகின. 2022-23-இல் உள்நாட்டு மனுக்களில் தமிழ்நாடு மாநிலங்களுள் முதலிடம் பெற்றது. மகிழ்ச்சிதான். அவற்றுள் உண்மையான உழைப்பு இருக்கவே செய்கிறது. ஆயினும் மனு வேறு, உரிமை வேறு, உரிமையைத் தொழிலாக்குவது வேறு. ஒரு திருகாணி கூடத் திரும்பாமலே மனுவின் தொகை இரட்டிக்கலாம்.

1851-இல் லண்டன் மாநகரில் பளிங்கு மாளிகைப் பெருங்காட்சி நடந்தது. உலகத் தொழில்களின் சிறந்த சரக்கெல்லாம் அங்கே வந்தது. பெட்ரா மோசர் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் அக்காட்சியின் பட்டியலைப் பரிசோதித்து, பிரிட்டிஷ் பொருள்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினொன்றே காப்புரிமை பெற்றவை என்று 2005-இல் எழுதினார். காப்புரிமைச் சட்டமே இல்லாதிருந்த சுவிட்சர்லாந்திலிருந்தும் நல்ல பொருள்கள் வந்திருந்தன. யந்திர யுகத்தின் தாயகத்திலேயே பத்தில் ஒன்பது பங்கு கணக்குக்கு வெளியே நின்றதென்றால், நம் சமவெளி நிற்பதில் வியப்பென்ன?

நிற்க. எழுதி வைக்காத வழக்கத்தினால் நமக்கு வரும் நஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். நாமகிரிப்பேட்டையிலும் திருச்செங்கோட்டிலும் ஏலத்துக்கு மஞ்சள் கொண்டுவரும் அங்கத்தினர்கள் 1995-ஐ மறந்திருக்க மாட்டார்கள். காயத்தை ஆற்ற மஞ்சட்பொடி இடுவதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் பாட்டிமார் எல்லோரும் அறிந்த வைத்தியம்! ஆனால், "எங்கள் பாட்டிக்குத் தெரியும்" என்பதை அந்த அலுவலகம் சாட்சியமாக ஏற்காது. நம் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்கப் பத்திரிகையில் வந்த கட்டுரையையும் உள்ளிட்ட முப்பத்திரண்டு ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்த பிறகே 1997-இல் அவ்வுரிமை ரத்தாயிற்று. மஞ்சளைக் காத்தது ஏட்டிலிருந்த எழுத்து.

ஆகவே அங்கத்தினர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலம் வெண்பட்டுக்கும் சேலம் துணிக்கும் அது முன்பே உண்டு. இக்குறியீடு தனி ஒருவருக்கு உரியதன்று. வட்டாரத்தார் அனைவருக்கும் பொது. ஆனால் பெயரை முறைப்படி உபயோகிக்க ஒவ்வொரு உற்பத்தியாளரும் தம்மை அங்கீகாரம் பெற்ற உபயோகிப்பாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவு பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தக்கது. இதில் நம்மவர் அசட்டையாக இருக்கலாகாது. விதை தேர்ந்து தனி ரகம் காத்து வரும் விவசாயி, 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் தம் ரகத்தைப் பதியலாம். அதற்குப் பதிவுக் கட்டணம் கேட்கப்படுவதில்லை. உண்மையிலேயே புதிய யந்திரம் செய்தவர் காப்புரிமை விரும்பினால், பொருட்காட்சியில் வைப்பதற்கும் பத்திரிகைக்குச் சொல்வதற்கும் முன்பே தற்காலிக விவரத்துடன் மனுச் செய்துவிட வேண்டும். முழு விவரம் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. முதலில் ஊருக்குக் காட்டிவிட்டுப் பிறகு மனுச் செய்தால், 'இது புதிதன்று' என்று தள்ளுபடியாகும். மனுச் செலவுக்கு வழியில்லாத கிராமக் கண்டுபிடிப்பாளர்களுக்காக 2000-இல் அகமதாபாத்தில் நிறுவப்பட்ட தேசியப் புத்தாக்க நிறுவனம் அத்தகையோர் சார்பில் மனுச் செய்து வருகிறது.

உரிமை வேண்டாம், ஊருக்குப் பயன்பட்டாற் போதும் என்பவர்களுக்காக, சங்க அலுவலகத்தில் ஒரு கட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறோம். தறியிலோ தோட்டத்திலோ பட்டறையிலோ ஒருவர் செய்த திருத்தம், அதன் படம், அளவு, தேதி, செய்தவர் பெயர் எல்லாம் அதில் ஏறும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். நாளைக்கு எவரேனும் அதே பொருளுக்கு உரிமை கோரி மனுச் செய்தால், ஆட்சேபம் எழுப்பச் சட்டம் இடம் தருகிறது. அப்போது காட்டுவதற்குத் தேதியிட்ட ஒரு பக்கமாவது நம்மிடம் இருக்கும்.

முதற் பக்கத்தை எழுதியவர் மேலே சொன்ன கல்லூரி மாணவரே. மரவள்ளியை வேரோடு கிளப்ப அவர் தந்தை உபயோகிக்கும் நெம்புகோலை அவர் படமாக வரைந்து அங்குலக் கணக்கில் அளவு குறித்தார். லாரியின் பழைய பட்டையை வளைத்துத் தண்டைக் கவ்வும்படி வாய் வைத்த கருவி அது. கீழே தந்தையின் பெயரை எழுதினார். தந்தையார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்துப் பார்த்தார். "வாய் நான் வெச்சதில்ல தம்பி. அது ஆசாரி யோசனை. அவர் பேரையும் போடு" என்றார். எழுதப்பட்டது. பேனாவை மூடப் போகும் சமயம், "பொறு, பொறு. பட்டையில பண்ணலாம்னு மொதல்ல சொன்னது அக்கரைத் தோட்டத்துக்காரர்" என்றார். படம் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தபடியால் மூன்றாவது பெயரை ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டியதாயிற்று.